மலையோரக் காலை: திகனயில் ஒரு கோல்ஃப் சுற்று

"கண்டிப் பக்கம் வந்தால் கோல்ஃப் ஆட இடமிருக்கிறதா?" என்று கேட்பவர்களில் பாதிப்பேர் நுவரெலியாவை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். 1889இல் தொடங்கிய நுவரெலியா கோல்ஃப் கிளப்பின் பெயர் அப்படி. ஆனால் கண்டியில் தங்கியிருந்து அங்கே போய்வந்தால் மலைப்பாதையிலேயே ஒரு நாள் கரைந்துவிடும். கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில் ஏறக்குறைய 20 கிலோமீற்றர் போனால் திகன வரும். அதை ஒட்டிய ரஜவெல்லையில் விக்டோரியா கோல்ஃப் அன்ட் கன்ட்ரி ரிசோர்ட் இருக்கிறது. 18 குழிகள், பார் 73, 1999இல் திறந்த திடல். காலையில் ஆடிவிட்டு மாலைப் பூசைக்குத் தலதா மாளிகையில் நிற்கலாம்.

நான் முதல்முறை அங்கே போனபோது எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். கண்டியில் ஆறுதலாகக் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பத்து மணிக்கு முதல் டீயில் நின்றேன். எல்லாவற்றுக்கும் பின்னாலிருந்த டீயைத் தேர்ந்தெடுத்தேன். மட்டைப் பையைச் சுமந்து வழிகாட்டும் கேடி நீட்டிய மட்டையை வாங்காமல் டிரைவரை எடுத்தேன். ஆறாவது குழிக்குள் கால் சோர்ந்து, பந்துகள் தீர்ந்து, மலை எந்தப் பக்கம் இருந்தது என்றுகூடப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தேன். அப்போது கேடி சொன்னார்: "சேர், கொஞ்சம் நில்லுங்க. தண்ணி குடிங்க. மலையைப் பாருங்க. பிறகு அடிப்போம்." இந்த அத்தியாயம் முழுவதும் அவர் சொன்னதன் விரிவுதான்.

நிலத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

திடல் இருக்கும் இடம் முன்பு தென்னந்தோட்டம். 500 ஏக்கருக்கு மேற்பட்ட அந்த நிலத்தை இங்கிலாந்தைச் சேர்ந்த டொனால்ட் ஸ்டீல் கோல்ஃப் திடலாக வடிவமைத்தார். அவர் சண்டே டெலிகிராப் பத்திரிகையில் நீண்டகாலம் கோல்ஃப் செய்தியாளராக இருந்தவர். 1970இல் சென் அன்ட்ரூஸில் நடந்த ஓப்பன் போட்டியில் ஆடியவரும்கூட. மேட்டை வெட்டித் தள்ளிச் சமதரை ஆக்காமல், மேட்டையும் பள்ளத்தையும் இருந்தபடியே விட்டு அதன்மேல் ஃபேர்வேயை ஓடவிட்டிருப்பது நடக்கும்போதே காலுக்குத் தெரியும். இரண்டு பந்தை ஒரே தரையில் நின்று அடிப்பது இங்கே அபூர்வம்.

ஒரு புறம் நக்கிள்ஸ் மலைத்தொடர். மடக்கிய விரல்களின் கணுக்களைப் போலத் தெரிவதால் வெள்ளைக்காரர் வைத்த பெயர் அது. சிங்களத்தில் தும்பற மலைத்தொடர். மற்றப் பக்கங்களில் விக்டோரியா நீர்த்தேக்கம் நிலத்தை வளைத்துக் கிடக்கிறது. மகாவலி கங்கையை 122 மீற்றர் உயர வளைவு அணையால் மறித்து உண்டாக்கிய நீர் இது. பிரித்தானிய உதவியில் கட்டிய அந்த அணை 1985 ஏப்ரலில், மார்கரெட் தாட்சர் வந்திருந்த வேளையில் திறக்கப்பட்டது. 210 மெகாவாட் மின்சாரம் அங்கே பிறக்கிறது.

அந்த நீருக்கு அடியில் பழைய தெல்தெனிய நகரம் இருக்கிறது. கடைத்தெரு, வயல்கள், வழிபாட்டிடங்கள், பாலம் எல்லாம் மூழ்கின. புதிய தெல்தெனிய மேட்டில் எழுந்தது. பல குடும்பங்கள் மகாவலிக் குடியேற்றங்களுக்கு இறங்கிப் போயின. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய ஊரின் இடிபாடுகள் தலைகாட்டும். சுற்றுவட்டார மக்கள் போய் நின்று பார்த்துவிட்டு வருவார்கள். உங்கள் கேடியின் தாயோ தகப்பனோ அந்த ஊரில் பிறந்தவராக இருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள். நீர்த்தேக்கத்தைப் பின்னணியாக வைத்துப் படம் பிடிக்கும் முன் அது யாருடைய ஊர் என்று தெரிந்திருப்பது நல்லது.

எந்த மாதம், எந்த நேரம்

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். வானம் தெளிவாக இருக்கும், காலையில் மெல்லிய குளிர் இருக்கும். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரையும், மீண்டும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழைக் காலம். காலையில் ஆடி மதியத்துக்குள் முடிப்பவருக்கு அது இடைஞ்சல் இல்லை. டிசம்பரில் வாடைக்காற்றோடு வரும் மழை இரண்டு மூன்று நாட்கள் விடாமல் பெய்யலாம்.

ஜூன் முதல் ஓகஸ்ட் வரையிலான மாதங்களைப் பற்றித்தான் வெளியூர்க்காரர் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள். தென்மேல் பருவமழை என்றதும் மலைநாடு முழுக்க நனைந்து கிடக்கும் என்று எண்ணுகிறார்கள். மழை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டிக் கிழக்கே வரும்போது வெறும் காற்றாகிவிடும். கிழக்கிலங்கைத் தமிழர் கச்சான் என்று சொல்லும் காற்று இதுதான். திகன மழை மறைவுப் பக்கம். மேற்குச் சரிவிலுள்ள ஹட்டனில் குடை பிடித்த அதே நாளில் இங்கே தொப்பி பறக்காமல் பிடித்துக்கொண்டு ஆடவேண்டி வரும். அந்த மாதங்களில் எதிர்காற்றுக் குழிகளில் ஒன்றல்ல, இரண்டு மட்டை கூட எடுங்கள். பந்தைத் தாழ்வாக அடியுங்கள்.

நேரம் பற்றி எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை: விடிந்ததும் கிடைக்கும் முதல் நேரம். திகன கண்டி நகரத்தைவிடத் தாழ்ந்த, வெப்பமான இடம். கண்டியின் குளிர்ச்சியை நம்பிப் பத்து மணிக்குப் போகிறவர் பதினொன்றரை வெயிலில் மேடேற வேண்டும். ஆறரைக்கு அடிக்கத் தொடங்கினால் மலைமேல் முகில் ஏறுவதற்கு முன் முதல் ஒன்பது குழிகள் முடிந்துவிடும். அந்த நேரத்துப் பனி பந்தின் ஓட்டத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

நாள் குறிக்கும் முன் இரண்டு விடயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று போயா நாள். பௌர்ணமி பொதுவிடுமுறை, அதோடு ஒட்டிச் சனி, ஞாயிறு வந்தால் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து நிறைவார்கள். போயா அன்று மது விற்கமாட்டார்கள். மற்றது கண்டியின் எசல பெரஹரா ஊர்வலம். ஜூலை, ஓகஸ்டில் பெரஹரா நடக்கும் நாட்களில் பிற்பகலிலேயே நகர வீதிகளை மூடிவிடுவார்கள். அந்த வாரத்தில் ஆடுவதானால் திகனப் பக்கம் தங்குங்கள். அல்லது கோல்ஃபை விட்டுவிட்டுப் பெரஹராவைப் பாருங்கள். எதை விடுவது என்று என்னைக் கேட்டால் கோல்ஃபைத்தான் சொல்வேன்.

எதைக் கொண்டுவருவது

முழு மட்டைப் பையையும் விமானத்தில் ஏற்றி, கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வான் வண்டியில் மூன்று நான்கு மணிநேரம் குலுக்கிக் கொண்டுவருவது, ஒரேயொரு சுற்றுக்கு அவசியமில்லை. திடலில் வாடகைக்கு மட்டை கிடைக்கும். நீங்கள் இடக்கைக்காரர் என்றால் முன்பதிவின்போதே சொல்லி உறுதிப்படுத்துங்கள்; பெண்களுக்கான மட்டைக்கும் அப்படியே. வீட்டிலிருந்து வரவேண்டியவை சப்பாத்து, கையுறை, காலர் வைத்த சட்டை, ஒரு டசன் பழைய பந்து. புதிய விலையுயர்ந்த பந்து வேண்டாம். தெரியாத திடலில் பந்து தொலையும். பட்டர் ஒன்றை மட்டும் கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் அதைப் பெட்டிக்குள் வைத்துச் சரக்குப் பகுதியில் போடவேண்டும். கைப்பையோடு விமானத்துக்குள் மட்டையை விடமாட்டார்கள்.

ஜீன்ஸும் வட்டக்கழுத்து டீசேர்ட்டும் கோல்ஃப் திடல்களில் ஏற்பதில்லை. சப்பாத்தில் உலோக ஆணி கூடாது. ரப்பர் முனை போதும்.

கண்டியில் எந்த பார்மசியிலும் ஜீவனிப் பொதி (நீரிழப்புக்குக் குடிக்கும் உப்புக் கரைசல் தூள்) கிடைக்கும். இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். 18 குழி நடந்தால் கிட்டத்தட்ட 10 கிலோமீற்றர், அதுவும் ஏற்ற இறக்கத்தில். பொதியில் குறித்துள்ள அளவு தண்ணீரில் ஒரு பொதியைக் கரைத்து ஒன்பதாவது குழிக்குப் பிறகு குடித்தால் கடைசி நான்கு குழியின் கால்கள் உங்களுடையவையாக இருக்கும். இந்த நிலத்தைக் கால்நடையாகப் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும். முழங்கால் வலி உள்ளவர்களும் அறுபதைத் தாண்டியவர்களும் வண்டி எடுத்துக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை. சரிவில் இறங்கும்போது வண்டியைக் குறுக்காகத் திருப்பாதீர்கள். ஈரப்புல்லில் பிரேக் பிடித்தால் சறுக்கும்.

கேடி

இலங்கைத் திடல்களில் கேடியோடுதான் ஆடுவது வழக்கம். மேற்கு நாடுகளிலிருந்து வரும் நம்மவர்களுக்கு இது புதிது. தள்ளுவண்டியோடு தனியே நடந்து பழகியவர்கள் கேடியைச் சுமைதூக்கியாக நினைத்துவிடுகிறார்கள். அந்த எண்ணத்தை வண்டி நிறுத்துமிடத்திலேயே விட்டுவிடுங்கள். இந்தத் திடலில் மூவாயிரம் முறை நடந்தவர் அவர். நீங்கள் முதல்முறை நடக்கிறீர்கள்.

முதல் டீயில் பெயரைக் கேளுங்கள். திகன, ரஜவெல்ல, தெல்தெனியப் பக்கம் சிங்களமும் தமிழும் கலந்து புழங்கும் ஊர்கள். தமிழ் தெரிந்த கேடி கிடைப்பது அரிதல்ல. பதிவுசெய்யும்போதே கேட்டுவைத்தால் ஏற்பாடு செய்வார்கள். தோட்டத்துத் தமிழில் பேசும் இளைஞர் வந்தால் "தம்பி" என்றும், வயதில் மூத்தவரை "அண்ணே" என்றும் கூப்பிடுங்கள். சிங்களவர் என்றால் இளையவருக்கு "மல்லி", மூத்தவருக்கு "அய்யா". சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன். உங்களை அவர் "சேர்" என்றோ "மேடம்" என்றோதான் கூப்பிடுவார். அதற்கு மறுமொழி "நீங்கள்" என்பதாக இருக்கட்டும். விரல் சொடுக்கிக் கூப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்க்கச் சகிக்கவில்லை.

மலைநாட்டுத் திடல்களில் பந்து பொறுக்கியும் பை சுமந்தும் இந்த ஆட்டத்தைக் கற்றவர்கள் பலர். என். தங்கராஜா, கே. பிரபாகரன் என்ற பெயர்களை இந்தியத் தொழில்முறைச் சுற்றின் புள்ளிப்பட்டியல்களில் காணலாம்; இருவரும் இலங்கையர். உங்கள் பையைத் தோளில் மாட்டியிருக்கும் தம்பி, உங்களைவிட நன்றாக ஆடக்கூடியவராக இருப்பதில் வியப்பில்லை. நேரம் இருந்தால் பயிற்சித் திடலில் ஒரு பந்து அடித்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

ஆட்டம் தொடங்கும் முன் அவரிடம் இரண்டே விடயம் சொன்னால் போதும்: உங்கள் ஏழாம் அயர்ன் எவ்வளவு தூரம் போகும் என்பதையும், உங்கள் பிழையடி வழமையாக எந்தப் பக்கம் போகும் என்பதையும். உண்மையைச் சொல்லுங்கள். நல்ல நாளில் போன தூரத்தைச் சொன்னால், அவர் அதை நம்பித் தரும் மட்டை பந்தைப் பள்ளத்தில் போட்டுவிடும்.

கேடிக் கட்டணத்தை வரவேற்பறையில் கட்டியிருந்தாலும், ஆட்டம் முடிந்ததும் அவர் கையில் சந்தோஷமாகக் கொஞ்சம் கொடுப்பது வழக்கம். எவ்வளவு என்று வரவேற்பறையில் கேட்டால் சொல்வார்கள். பாதிச் சுற்றில் நீங்கள் தேநீரும் ரோல்ஸும் சாப்பிடும்போது அவருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மலை கண்ணை ஏமாற்றும்

இனி ஆட்டம். டீயைப் பற்றி முதலில்: ஒரு படி முன்னால் போங்கள். உங்கள் ஊரில் வெள்ளை டீயில் ஆடுகிறவர் என்றால் இங்கே அதற்கு முன்னாலுள்ளதில் தொடங்குங்கள். பார்வைக்கு மறைந்த ஃபேர்வேயும் குறுக்கே பள்ளமும் உள்ள திடலில், முன் டீயிலிருந்து அடிப்பவரே திடலை வடிவமைத்தவர் நினைத்த இடத்தில் போய் விழுவார். புள்ளி கணக்கிடுவதற்கு ஸ்டேபிள்ஃபோர்ட் முறையைப் பரிந்துரைக்கிறேன். ஹேண்டிகேப்பைக் கழித்த பின் பாருக்கு இரண்டு புள்ளி, போகிக்கு ஒன்று, அதற்கு மேல் போனால் பூச்சியம்; பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். ஒரு குழியில் பத்து அடித்துவிட்டோமே என்ற பாரத்தைச் சுமந்துகொண்டு மிச்சச் சுற்றைப் பாழாக்க வேண்டியதில்லை.

உயரம் பற்றிப் பலரும் கேட்பார்கள். நீர்த்தேக்கம் நிரம்பி நிற்கும் மட்டமே கடல் மட்டத்திலிருந்து 438 மீற்றர். இந்த உயரத்தில் 150 யார்ட் அடி இரண்டு மூன்று யார்ட் கூடப் போகும். பெரிதாகக் கணக்கெடுக்க வேண்டாம். நுவரெலியாவில்தான் பத்து யார்ட் கணக்கெடுக்க வேண்டும். இங்கே கணக்கெடுக்க வேண்டியது சரிவை. பந்து உங்கள் பாதத்தைவிட மேலே இருந்தால், வலக்கைக்காரருக்கு அது இடப்பக்கம் இழுக்கும்; கீழே இருந்தால் வலப்பக்கம் ஓடும். ஏற்றத்தில் நின்று அடித்தால் பந்து உயர எழும்பித் தூரம் குறையும். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டு, இலக்கைக் கொடியிலிருந்து நான்கடி தள்ளி எடுப்பவருக்கு இந்தத் திடல் இணங்கிவரும்.

கிரீனில் உங்கள் கண்ணை நம்பாதீர்கள். பின்னால் பெரிய மலைச்சரிவு நிற்கும்போது, மலையைவிட்டு அப்பால் மெல்லச் சரியும் தரை சமதரையாகத் தெரியும். சமதரை மேடாகத் தெரியும். மலையில் இருந்து நீரை நோக்கி இறங்குவதுதான் நிலத்தின் பொதுவான போக்கு. அதனால் மலைத் திடல்களில் ஆடிப் பழகியவர்கள் பட் அடிக்கும் முன் நீர் எந்தப் பக்கம் என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். கிரீனில் ஏறும் முன், பதினைந்தடி தள்ளி நின்று முழுக் கிரீனும் எந்தப் பக்கம் கவிழ்ந்திருக்கிறது என்று பாருங்கள். புல் சாய்ந்திருக்கும் திசையும் உண்டு. பளபளப்பாகத் தெரிந்தால் புல் உங்களைவிட்டு அப்பால் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். கருத்துத் தெரிந்தால் எதிர்ப்புல். இதற்குப் பிறகும் கேடி காட்டும் கோடு உங்கள் கணிப்புக்கு மாறாக இருந்தால் அவருடைய கோட்டிலேயே அடியுங்கள்.

பந்து புதருக்குள் போனால் தேட மூன்று நிமிடம்தான். 2019க்கு முன் ஐந்து நிமிடம் இருந்தது. மானாப் புல்லுக்குள் கையை விட்டுத் துழாவாதீர்கள். பாம்பும் அங்கே வாழ்கிறது. மட்டையால் விலக்கிப் பாருங்கள், தெரியவில்லையென்றால் விட்டுவிடுங்கள். வெள்ளைக் கம்பத்துக்கு வெளியே போயிருக்குமோ என்ற ஐயம் வந்தவுடனே, நடக்கத் தொடங்கும் முன், இரண்டாவது பந்தொன்றை அடித்துவிடுவது நல்லது. மீண்டும் மேடேறி டீக்கு வர யாருக்கும் விருப்பமிராது.

பந்து விழுந்து குழிந்த தடத்தைக் கிரீனில் சரிசெய்வது, பங்கர் மணலை வாரிவிடுவது, பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிடுவது எல்லாம் ஊரில் செய்வதுபோலத்தான். மயிலோ குரங்கோ ஃபேர்வேயில் நின்றால் அது போகும்வரை பொறுத்திருங்கள். இடிமுழக்கம் கேட்டால் பொறுக்க வேண்டாம். அந்த நொடியே மட்டையைக் கீழே வைத்துவிட்டு கட்டடத்துக்குப் போங்கள். தனிமரத்தடியில் ஒதுங்குவது ஆபத்து, தென்னையடியில் இன்னும் ஆபத்து.

ஆடாதவர்களுக்கு

குடும்பத்தோடு வந்திருந்தால் ஒன்பது குழியோடு நிறுத்துங்கள். நான்கு மணிநேரம் உங்களுக்காகக் காத்திருப்பவர்களுக்கும் அது விடுமுறைதான். ரிசோர்ட்டில் நீச்சல் குளம் உண்டு, குதிரைச் சவாரி உண்டு. பிள்ளைகளை நீச்சலுக்கு விட்டுவிட்டு எட்டரைக்குத் திரும்பி, இடியப்பமும் சொதியும் சம்பலும் சேர்ந்து சாப்பிடலாம். பல்லேகலைக் கிரிக்கெட் மைதானம் வழியிலேயே இருக்கிறது. ஆட்டம் எதுவும் வேண்டாமென்பவர்கள் கண்டியிலேயே தங்கி, கட்டுகலைச் செல்வ விநாயகர் கோயிலுக்கோ பேராதனைக்கோ போகட்டும். 1821இல் அமைந்த பேராதனைப் பூங்காவுக்கு ஒரு முழுக் காலை வேண்டும்.

இன்னொன்று: துணைவரோ பிள்ளையோ ஆடாவிட்டாலும் கூட நடக்கலாமா என்று கேளுங்கள். கூட்டமில்லாத நாளில் அனுமதிப்பார்கள். நான் என் மகளை அழைத்துப் போன காலையில் என்ன புள்ளி எடுத்தேன் என்பது நினைவில் இல்லை. நீர்த்தேக்கத்தின் மேல் முகில் விலகியதை அவள் எனக்குக் காட்டியது நினைவிருக்கிறது.

திரும்பும் வழி

இலங்கையில் பாடசாலைகள் பகல் ஒன்றரைக்கு விடும். கண்டி பாடசாலைகளின் நகரம். அந்த நேரத்தில் வான்களும் பஸ்களும் வீதியை அடைத்துக்கொள்ளும். 18 குழி ஆடியவர்கள் குளித்து, சாப்பிட்டு, கேடியிடம் விடைபெற்றுப் பன்னிரண்டரைக்குள் திகனயை விட்டுப் புறப்படுங்கள். ஒரு மணிக்கு முன் தென்னக்கும்புரப் பாலத்தைத் தாண்டிவிடலாம். அது முடியாதென்றால் அவசரப்பட வேண்டாம். ஒரு பிளேன்டீ சொல்லிவிட்டு மூன்று மணிவரை அங்கேயே இருங்கள்.